ஓபியாய்டு போதைக்கு மருந்துச் சிகிச்சை: கவுன்சலிங்கின் இடம் எது? முழுமையான வழிகாட்டி

பிரவுன் சுகர், ஹெராயின், அபின், டிரமடால், டேபென்டடால் என்ற வலிமாத்திரைகள் போன்ற ஓபியாய்டுகளுக்கு ஆட்பட்ட ஒருவரைக் குடும்பத்தார் முறையான சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் சென்றால், மருத்துவர் பெரும்பாலும் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டிய ஒரு மாத்திரையைத் தொடங்கிவிட்டு, கவுன்சலரையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே கேள்விகள் எழுந்துவிடும். பக்குவமாக எடுத்துச் சொன்னால் போதாதா, மாத்திரை எதற்கு என்று ஒருவர் கேட்பார். மாத்திரைதான் கொடுத்துவிட்டார்களே, வாராவாரம் உட்கார்ந்து பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிகிச்சைக்கு வந்தவரே கேட்பார். இந்த வழிகாட்டி அந்த இரண்டு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, முதல் நாள் தொடங்கிச் சில ஆண்டுகள் வரை கவுன்சலிங் என்ன வேலையைச் செய்கிறது, எந்த வேலையைச் செய்யாது, அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்று படிப்படியாக விளக்குகிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓபியாய்டு போதையில் உயிரைக் காப்பது முதன்மையாக மருந்து. அந்த மருந்தை ஒருவர் விட்டுவிடாமல் தொடர்வதற்கும், போதை சிதைத்துப் போட்ட வேலை, உறவு, உடல்நலம் ஆகியவற்றைச் சீர்செய்துகொள்வதற்கும் உதவுவது கவுன்சலிங். கவுன்சலிங்குக்கு வந்தால்தான் மருந்து தருவோம் என்று எந்த மையமாவது நிபந்தனை போடுமானால், அது சிகிச்சையின் தலையையும் வாலையும் மாற்றிப் பிடிக்கிறது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய மருந்துகள்

புப்ரினார்பின், மெத்தடோன், நால்ட்ரெக்ஸோன் ஆகிய மூன்றும் முக்கியமானவை. மெத்தடோன் மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை (ஓபியாய்டு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் இடங்களை) முழுமையாகவும், புப்ரினார்பின் பகுதியளவிலும் தூண்டுகின்றன. இரண்டும் நீண்ட நேரம் நின்று வேலை செய்வதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் போதையும், அது இறங்கும்போது வரும் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை போன்ற விலகல் துன்பங்களும் அடங்குகின்றன. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் டோல், மாரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் மெத்தடோனை இந்த முறையில் கொடுத்துப் பார்த்து 1965-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோன், புப்ரினார்பின் இரண்டையும் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நால்ட்ரெக்ஸோன் வேறு வகையைச் சேர்ந்தது. அது ஏற்பிகளை அடைத்துவிடும். ஆகவே உடலில் ஓபியாய்டு முற்றிலும் நீங்கி ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆன பிறகுதான் அதைத் தொடங்க முடியும்.

இந்தியாவில் அதிகம் கிடைப்பது புப்ரினார்பின்; அதனுடன், ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் சேர்ந்த மாத்திரையும் உண்டு. நாக்கின் கீழ் கரையும்போது நாலாக்சோன் பெரிதாக வேலை செய்யாது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் வேலை செய்து, ஏற்கனவே ஓபியாய்டுக்குப் பழகிய உடலில் விலகல் துன்பத்தைக் கிளப்பிவிடும். தவறான பயன்பாட்டைக் குறைக்கவே இந்தச் சேர்க்கை. 1990-களில் சென்னையில் புப்ரினார்பின் ஊசி மருந்தே போதைக்காகப் பயன்படுத்தப்பட்டது என்பதால், அந்தப் பெயரைக் கேட்டதும் வயதில் மூத்தவர்கள் சிலர் தயங்குவது இயல்பே. ஆனால் மருத்துவர் பார்வையில், அளவறிந்து, நாக்குக்கு அடியில் தரப்படும் மாத்திரையின் விளைவு முற்றிலும் வேறு.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் ஏதேனும் ஓர் ஓபியாய்டைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்குச் சிகிச்சை உதவி தேவைப்படுகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் வீட்டில் நடக்கும் பெரும்பாலான வாக்குவாதங்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

சுவீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்து 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு 40 பேரை மட்டுமே கொண்டது என்றாலும் மறக்க முடியாதது. பாதிப் பேருக்குத் தினமும் 16 மில்லிகிராம் புப்ரினார்பின் ஓராண்டுக்குக் கொடுக்கப்பட்டது. மறுபாதிப் பேருக்கு ஆறு நாட்களில் அதைக் குறைத்து நிறுத்திவிட்டு, மருந்தில்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. இரு தரப்புக்கும் குழுச் சிகிச்சை, வாராந்திரத் தனிக் கவுன்சலிங், தொடர்ச்சியான சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவை ஒரே அளவில் கிடைத்தன. ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 75 விழுக்காட்டினர் சிகிச்சையில் இருந்தார்கள். போலி மாத்திரை பெற்றவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் நான்கு பேர் இறந்துவிட்டிருந்தார்கள். தரமான கவுன்சலிங் வாராவாரம் கிடைத்தும், மருந்து இல்லாத நிலையில் அதனால் அவர்களைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை.

மருந்து சரியாகக் கிடைக்கும்போது கூடுதல் கவுன்சலிங் எவ்வளவு கூட்டித் தருகிறது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 166 பேர் புப்ரினார்பின்-நாலாக்சோன் பெற்றார்கள். சிலருக்கு வாரம் 20 நிமிடம், சிலருக்கு 45 நிமிடம் என ஆலோசனை நேரம் மாறுபட்டபோதும் விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வலிமாத்திரைகளுக்கு ஆட்பட்ட 653 பேரை வைத்து நடந்து 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், மருத்துவர் நேரடியாகக் கவனித்து அறிவுரை சொல்வதற்கு மேல் தனியாகச் சேர்க்கப்பட்ட கவுன்சலிங் சராசரியில் பெரிய பலனைக் கூட்டவில்லை. மறுபக்கம், ஃபிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினர் 92 பேரிடம் நடந்து 1993-இல் வெளியான மெத்தடோன் ஆய்வில், மருந்தை மட்டும் பெற்ற குழுவில் 69 விழுக்காட்டினரை நிலைமை மோசமானதால் வேறு பராமரிப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. கவுன்சலிங் சேர்ந்த குழு அதைவிட நன்றாகவும், மருத்துவம், மனநலம், குடும்பம், வேலை ஆகிய உதவிகளும் சேர்ந்த குழு அனைவரையும்விட நன்றாகவும் இருந்தன.

இவை ஒன்றோடொன்று முரண்படுவதாக நான் கருதவில்லை. யேல் ஆய்வில் குறைந்த அளவு உதவி பெற்றவர்களுக்கும் வாரம் 20 நிமிடம் அக்கறையோடு பேச ஆள் இருந்தார். யாருமே ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையை மட்டும் ஜன்னல் வழியாக நீட்டும் ஏற்பாட்டுக்கும், மரியாதையோடு பேசி உடல்நிலையை விசாரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கும் உள்ள தூரம் பெரியது. அதற்கு மேல் மணிக்கணக்கில் கூட்டுவது எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. மனச்சோர்வு, குடும்ப வன்முறை, வேலையின்மை, கூடவே மதுப்பழக்கம் என்று சிக்கல்கள் பின்னிக் கிடப்பவர்களுக்குத் தேவைப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கவுன்சலிங்கை எல்லாருக்கும் வழங்க முன்வர வேண்டும், ஆனால் மறுப்பவருக்கு மருந்தை மறுக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது. அமெரிக்க அடிமைத்தன மருத்துவச் சங்கம் 2020-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் அதையே வலியுறுத்துகிறது. 2024-இல் திருத்தப்பட்ட அமெரிக்க மெத்தடோன் விதிகளும், கவுன்சலிங்கை மறுப்பது மருந்தைத் தடுப்பதற்குக் காரணமாகாது என்று சொல்கின்றன.

முதல் படி: முதல் நாள், முதல் சந்திப்பு

முதல் நாளில் கவுன்சலர் செய்ய வேண்டியது அறிவுரை அன்று, விசாரிப்பு. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வழியில், கடைசியாக எத்தனை மணிக்கு என்பவை மருந்தைத் தொடங்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் கேள்விகள். ஹெராயின் போன்ற குறுகிய நேரம் வேலை செய்யும் ஓபியாய்டை எடுத்த சில மணி நேரத்திலேயே புப்ரினார்பின் கொடுத்தால், அது ஏற்பிகளிலிருந்து ஹெராயினைத் தள்ளிவிட்டுக் கடுமையான விலகல் துன்பத்தை உடனே கிளப்பிவிடும். அதனால்தான் வழக்கமாக 12 முதல் 24 மணி நேரம் கழித்து, கொட்டாவி, மூக்கில் நீர்வடிதல், உடல் சிலிர்ப்பு, விரிந்த கண்பாவை போன்ற அறிகுறிகள் தெரிந்த பிறகு தொடங்குகிறார்கள். இதை யாரும் விளக்காமல் விட்டால், ‘மாத்திரை போட்டதும் உயிரே போய்விட்டது’ என்று சொல்லிவிட்டு மறுநாள் வராமல் இருந்துவிடுவார்கள். நேரத்தைப் பற்றி உண்மையைச் சொன்னால் திட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்தால்தான் ஒருவர் உண்மையைச் சொல்வார். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதே முதல் நாள் கவுன்சலிங்.

மது, தூக்க மாத்திரைகள் உண்டா என்பதையும் அன்றே கேட்டாக வேண்டும், ஏனெனில் அவை ஓபியாய்டுடன் சேரும்போது மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்து நேரும். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறாரா என்ற கேள்வி நம் நாட்டில் தவிர்க்க முடியாதது: மெத்தடோன், புப்ரினார்பின் இரண்டின் அளவையும் காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் இரத்தத்தில் குறைத்துவிடும். சரியாக மாத்திரை எடுத்தும் விலகல் துன்பம் வருகிறது என்று நோயாளி சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று எண்ணுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். பெண்ணாக இருந்தால் கர்ப்பம் உண்டா என்று கேட்க வேண்டும். கர்ப்ப காலத்தில் போதையைத் திடீரென நிறுத்தச் செய்வதைவிட மெத்தடோனோ புப்ரினார்பினோ கொடுத்துத் தொடர்வதே பாதுகாப்பானது. தற்கொலை எண்ணம் உண்டா என்பதை நேரடியாகவே கேட்க வேண்டும்.

சொல்வது வெளியே போகாது என்று உறுதியளிப்பதும் முதல் நாள் வேலைதான். போலீசில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தால் வராமல் இருப்பவர்கள் பலர். சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பான வழக்கில் சிக்கியவர், அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறுவதற்கு 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவே இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: முதல் நான்கு வாரம்

இந்தக் காலத்தில் கவுன்சலிங் சின்னச் சின்ன விஷயங்களைப் பற்றியதாகவே இருக்கட்டும். மாத்திரையை விழுங்கினால் பயன் இல்லை, நாக்குக்கு அடியில் முழுதாகக் கரையும் வரை பேசாமல் இருக்க வேண்டும், கரைந்த பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளிப்பது பற்களுக்கு நல்லது, மலச்சிக்கலுக்கு என்ன செய்யலாம், தூக்கம் சீராகச் சில வாரங்கள் ஆகும் என்பவை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பலர் மருந்தை விட்டுவிடுவது பெரிய தத்துவக் காரணங்களால் அன்று, இவற்றால்தான்.

அளவு போதுமானதா என்பதைக் கண்காணிப்பதில் கவுன்சலரின் காதுக்குத் தனி மதிப்பு உண்டு. சாயங்காலம் ஆனதும் உடம்பு முறுக்குகிறது, நடுராத்திரி விழிப்பு வந்துவிடுகிறது என்று ஒருவர் சொன்னால், அதற்குத் தீர்வு மன உறுதியைப் பற்றிய பாடம் அன்று; மருத்துவரிடம் அனுப்பி அளவை உயர்த்துவது. உலக சுகாதார நிறுவனம் தொடர் சிகிச்சையில் புப்ரினார்பின் சராசரியாக நாளுக்குக் குறைந்தது 8 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்றும், மெத்தடோன் பெரும்பாலும் 60 முதல் 120 மில்லிகிராம் வரை தேவைப்படும் என்றும் கூறுகிறது. நம் ஊரில் ‘மருந்து குறைவாக இருப்பதே நல்லது’ என்ற எண்ணம் மருத்துவமனைகளுக்குள்ளும் இருப்பதால், போதாத அளவில் வைத்துவிட்டு, மறுபடி போதைக்குப் போனவரைக் குறை சொல்லும் அநியாயம் நடக்கிறது.

வருவதற்கு எது தடை என்பதையும் இப்போதே பேச வேண்டும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஓபியாய்டு சிகிச்சை மையங்களில் நோயாளி தினமும் நேரில் வந்து, ஊழியர் முன்னிலையில் மாத்திரையைக் கரைத்துக்கொள்வதே நெடுநாள் வழக்கம். கோவிட் காலத்தில்தான் வீட்டுக்கு எடுத்துச் செல்லப் பரவலாக அனுமதி கிடைத்தது. கட்டட வேலைக்கோ ஆட்டோ ஓட்டவோ விடியற்காலையில் கிளம்புபவருக்குக் காலை பத்து மணி மையம் பயன்படாது. அந்த நேரத்தை மாற்றிக் கேட்டுப் பெற்றுத் தருவது எந்த உரையாடலையும்விடப் பெரிய கவுன்சலிங்.

மூன்றாம் படி: உள்ளே போய்ப் பேசுவது

உடல் அடங்கி, முகம் தெளிந்த பிறகுதான் மனம் பேசத் தயாராகும். இந்தக் கட்டத்தில் பயன்படும் முறைகளில் முதலாவது, மாற வேண்டும் என்ற எண்ணத்தை நோயாளியின் வாயிலிருந்தே வரவழைக்கும் ஊக்கமூட்டும் உரையாடல். அதைச் செய்யத் தெரிந்த கவுன்சலர் பேசுவது குறைவாகவும் கேட்பது அதிகமாகவும் இருக்கும். அறையில் நடக்கும் பேச்சு ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“இந்த வாரம் எப்படிப் போச்சு தம்பி?”

“பரவாயில்ல மேடம். ஆனா சம்பள நாள் அன்னிக்கு மட்டும் ரொம்பக் கஷ்டமாயிடுச்சு.”

“சம்பள நாள்ல என்ன நடக்கும் வழக்கமா?”

“காசு கையில வந்ததும் கால் தானா அந்தத் தெருவுக்குப் போகும். கூட வேலை செய்யறவன் கூப்பிடுவான்.”

“இந்தத் தடவை போகலையே. என்ன பண்ணீங்க?”

“தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டணும்னு நேரா ஸ்கூலுக்குப் போயிட்டேன்.”

“அப்ப உங்களுக்கே ஒரு வழி கிடைச்சிருக்கு. அடுத்த மாசச் சம்பளத்துக்கு என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?”

இந்தப் பேச்சில் மிரட்டல் இல்லை, பாராட்டு மழையும் இல்லை. சம்பள நாள், கையில் காசு, குறிப்பிட்ட தெரு, குறிப்பிட்ட ஆள் என்ற தூண்டுதல்கள் வெளியே வந்துவிட்டன. ஏற்கனவே வேலை செய்த ஒரு தந்திரமும் கிடைத்துவிட்டது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயரிடப்படும் முறையின் அன்றாட வடிவம் இதுதான்: எது தூண்டுகிறது, அப்போது மனதில் என்ன ஓடுகிறது, அந்த இடத்தில் வேறு எதைச் செய்யலாம் என்பதைச் சேர்ந்து கண்டுபிடித்து, ஒத்திகை பார்ப்பது. ஏக்கம் அலைபோல் எழுந்து, கொஞ்ச நேரத்தில் தானாகத் தணிந்துவிடும் என்பதை நோயாளி ஒருமுறை அனுபவத்தில் உணர்ந்துவிட்டால், அடுத்த முறை காத்திருக்கும் துணிவு வருகிறது.

போதை தவிர்த்த வாரங்களுக்குச் சிறு பரிசோ கூப்பனோ தரும் முறைக்கும் நல்ல ஆய்வுச் சான்று உண்டு, குறிப்பாகக் கோக்கைன் போன்ற ஊக்கப் போதைகளும் கூடச் சேர்ந்திருப்பவர்களிடம். ‘ஒழுங்காக இருப்பதற்குக் காசா’ என்று நம் மனம் முரண்டு பிடிக்கலாம். பலன் தரும் ஒன்றை நம் கூச்சத்துக்காக ஒதுக்குவது சரியாகாது.

நான்காம் படி: மருந்தில் இருக்கும்போதே மறுபடி எடுத்துவிட்டால்

இது நடக்கும். நடக்கவே கூடாது என்று திட்டமிட்டால் நடக்கும்போது எல்லாரும் நிலைகுலைந்து போவார்கள். ஒருமுறை எடுத்துவிட்டவர் ‘இனி என்ன, எல்லாம் போச்சு’ என்று தொடர்ந்து எடுப்பதுதான் உண்மையான ஆபத்து. அந்த எண்ணத்தை உடைப்பது கவுன்சலரின் வேலை. என்ன நடந்தது, எப்போது, மருந்து அளவு போதுமா, மாத்திரை தவறியதா, வீட்டில் சண்டையா என்று விசாரித்து, திட்டத்தில் எந்த இடம் பலவீனமாக இருந்தது என்று பார்க்க வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனை இந்த உரையாடலுக்கு உதவும் கருவி மட்டுமே. போதைப்பொருள் இருப்பதாக முடிவு வந்தால் சிகிச்சையிலிருந்து நீக்குவது என்பது, நோய் தீவிரமாகும்போது மருந்தை நிறுத்துவதற்குச் சமம். அப்படிச் செய்யும் மையத்தில் நோயாளிகள் உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். மாறாக, அத்தகைய முடிவு வந்த நாளில் மருந்தைத் தொடர்ந்து கொடுத்து, சந்திப்புகளை நெருக்கமாக்குவதே முறை.

ஐந்தாம் படி: குடும்பம்

‘ஒரு போதையை விட்டுட்டு இன்னொரு போதையைப் பிடிக்கிறான், அவ்வளவுதானே?’ என்று தாய்மார் கேட்காத மையம் இல்லை. இதற்குக் கவுன்சலர் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். புப்ரினார்பின் எடுப்பவர் உடல் அதற்குப் பழகியிருக்கும் என்பதும், திடீரென நிறுத்தினால் விலகல் துன்பம் வரும் என்பதும் உண்மை. ஆனால் அடிமைத்தனம் என்பது உடல் பழகுவது மட்டும் அன்று. கட்டுப்பாடு இழந்து, கேடு தெரிந்தும் தேடி அலைந்து, மற்ற எல்லாவற்றையும் கைவிடுவது. சரியான அளவில் மருந்து எடுப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை, திருடுவதில்லை, ஊசியைத் தேடுவதில்லை. எழுந்து வேலைக்குப் போகிறார். அந்த வேறுபாட்டைப் பெற்றோர் சில வாரங்களில் வீட்டிலேயே பார்த்துவிடுவார்கள்.

குடும்பத்தாருக்கெனத் தனியாக நேரம் ஒதுக்குவது அவசியம். மாத்திரையை யார் வைத்திருப்பது, குழந்தைகளுக்கு எட்டாமல் எங்கே பூட்டி வைப்பது, பணம் கையாள்வதை எப்படிச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுப்பது, சட்டைப் பையைத் துழாவுவதை எப்போது நிறுத்துவது என்பவற்றை நோயாளியையும் உட்கார வைத்து, மூவரும் ஒத்துக்கொள்ளும் வகையில் பேசி முடிக்க வேண்டும். பல ஆண்டு ஏமாற்றத்தால் தாய்க்கோ மனைவிக்கோ உண்டான கோபமும் தூக்கமின்மையும் தனியே கேட்கப்பட வேண்டியவை. அவர்கள் நோயாளியின் காவலர்கள் மட்டும் அல்லர்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா திருந்திடுவான்’ என்று உண்மையை மறைத்து ஒரு பெண்ணைக் கொண்டுவருவது சிகிச்சை அன்று, அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கொடுமை. இந்தப் பேச்சு வீட்டில் எழும்போதே கவுன்சலர் குறுக்கிட வேண்டும்.

பெண் நோயாளிகள் வெளியே தெரிவதே அரிது. கணவன் மூலம் பழகியவர்களும், வலிமாத்திரையில் தொடங்கியவர்களும் அவமானத்துக்கு அஞ்சி ஒளிந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பெண் கவுன்சலரும், தனி நேரமும், குழந்தையை உடன் அழைத்துவர இடமும் இருந்தால் மட்டுமே வருவார்கள்.

ஆறாம் படி: உடலின் மற்ற சிக்கல்கள்

வலிமாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தமிழகத்து இளைஞர்களிடையேயும் பரவியிருப்பதைக் காவல்துறைச் செய்திகள் காட்டுகின்றன. ஊசி போட்டவர்கள் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ஆகிய மூன்றுக்கும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேச வேண்டியதைப் பேசி, பயத்தில் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது கவுன்சலர்தான். 2018-இல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஹெபடைடிஸ் சி-க்கு இலவச மாத்திரைச் சிகிச்சை கிடைக்கிறது, பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் குணமாகிறது என்ற தகவலே பலருக்குத் தெரியாது. இன்னும் ஊசியை முழுதாக விடாதவரிடம், சுத்தமான ஊசியைப் பற்றியும் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பதைப் பற்றியும் பேசத் தயங்கக் கூடாது.

மனச்சோர்வு, பதற்றம், சிறுவயதில் நேர்ந்த வன்முறையின் வடு ஆகியவை போதை அடங்கிய சில வாரங்களில் மேலே வரும். மேலோட்டமான ஆலோசனை இங்கே போதாது. மனநல மருத்துவர், உளவியலாளர் ஆகியோரின் நீண்டகாலச் சிகிச்சை தேவைப்படும்.

ஏழாம் படி: மையத்தைத் தேர்ந்தெடுப்பது

நேரில் போய்க் கேளுங்கள்: புப்ரினார்பின் தருகிறீர்களா? மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் இருப்பார்? கவுன்சலிங்குக்கு ஒரு நாள் வராவிட்டால் மருந்தை நிறுத்துவீர்களா? மறுபடி எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? விருப்பமில்லாதவரைப் பூட்டி வைப்பது, அடிப்பது, மருந்தே இல்லாமல் மாதக்கணக்கில் ‘பேச்சு’ மட்டும் என்று நடக்கும் இடங்களிலிருந்து விலகி நில்லுங்கள். சங்கிலிக்கும் சிகிச்சைக்கும் சம்பந்தம் கிடையாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐ அழைக்கலாம். மனநல உதவிக்கு டெலிமானஸ் எண் 14416 இருக்கிறது. பஞ்சாபில் 2017-இல் தொடங்கிய புறநோயாளி மையங்களைப் போல, வேலையையும் வீட்டையும் விடாமல் வந்து மருந்து பெற்றுச் செல்லும் முறை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். நீண்ட நாள் உள்நோயாளியாக இருப்பது எல்லாருக்கும் தேவையில்லை.

எட்டாம் படி: எவ்வளவு காலம், எப்போது நிறுத்துவது

ஆறு மாதம் நன்றாக இருந்ததும் ‘இனி மாத்திரையை நிறுத்திடலாமே’ என்ற பேச்சு பெரும்பாலும் வீட்டிலிருந்தோ, பெண் பார்க்க வந்த உறவினரிடமிருந்தோதான் வருகிறது. மேலே சொன்ன 653 பேர் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், 12 வாரம் மருந்தில் இருந்தபோது 49.2 விழுக்காட்டினர் நல்ல நிலையில் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்தி எட்டு வாரம் ஆனபோது அந்த எண் 8.6 விழுக்காடாக வீழ்ந்தது. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும்போது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 11.3 ஆக இருந்த இறப்பு விகிதம், சிகிச்சையை விட்ட பின் 36.1 ஆனது. சிகிச்சையை விட்ட முதல் நான்கு வாரம் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஆள் பழைய அளவையே எடுப்பார்.

ஆகவே நிறுத்தும் முடிவு நாட்காட்டியைப் பார்த்து எடுப்பதன்று. வேலை நிலைத்திருக்கிறதா, ஏக்கம் எவ்வளவு நாளாக இல்லை, கூட இருப்பவர்கள் யார், கடைசி நெருக்கடியை எப்படிக் கடந்தார் என்பவற்றைக் கவுன்சலரும் மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். பல ஆண்டுகள் தொடர்வதில் எந்த இழுக்கும் இல்லை. குறைக்க முடிவு செய்தால் மாதக்கணக்கில் மெதுவாகக் குறைத்து, ஏக்கம் திரும்பினால் அந்த இடத்திலேயே நிறுத்தியோ மேலே ஏற்றியோ கொள்ளலாம் என்று முன்பே ஒப்பந்தம் இருக்கட்டும். குறைக்கும் மாதங்களில்தான் கவுன்சலிங் சந்திப்புகள் அதிகமாக வேண்டும். மருந்து குறைகிறது என்று சந்திப்பையும் குறைப்பது பொதுவாக நடக்கும் தவறு.

வீட்டாருக்கு அளவு மீறலின் அடையாளங்களை இப்போது மறுபடியும் சொல்லிக் கொடுக்க வேண்டும்: கண்பாவை ஊசிமுனை போல் சுருங்குவது, மூச்சு மிக மெதுவாவது அல்லது குறட்டை போல் இழுப்பது, உதடும் நகமும் நீலமாவது, தட்டி எழுப்பியும் எழாதிருப்பது. உடனே 108-ஐ அழைத்து, மூச்சு குறைந்திருந்தால் வாயோடு வாய் வைத்துக் காற்று கொடுக்க வேண்டும். மூச்சு சீராக இருந்தால் ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, உதவி வரும்வரை கண்காணிக்க வேண்டும். நாலாக்சோன் ஊசி ஓபியாய்டின் விளைவை நிமிடங்களில் மாற்றும். அது எங்கே கிடைக்கும், யார் போடுவார் என்பதை மையத்திடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளைவு ஓபியாய்டைவிடச் சீக்கிரம் தணிந்துவிடும் என்பதால், கண் திறந்துவிட்டார் என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

சிகிச்சையை விட்டுச் சென்றவர் திரும்பி வந்தால், ஏன் போனாய் என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொண்டு, கடைசியாக எப்போது எடுத்தார் என்று கேட்டு, மருத்துவ ரீதியாக இயன்ற முதல் நாளிலேயே மாத்திரையைத் தொடங்க வேண்டும். பழைய அளவை அப்படியே கொடுக்காமல், இடைவெளியைக் கணக்கில் எடுத்து மருத்துவர் புதிதாக அளவைத் தீர்மானிப்பார். அடுத்த நாள் அவர் வராவிட்டால், கவுன்சலர் ஒரு போன் போட்டு விசாரிக்க வேண்டும்.